மண்டபத்தில் வேலை பார்த்துக்கொண்டே கரஸில் (தொலைநிலைக் கல்வியில்) பி.காம். முடிக்க முடியுமா?

மண்டபம்காரன் | ஜூன் 1, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் நண்டும் கணவாயும் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கணக்கு எழுதுகிறேன். வயது 31. 2011இல் பிளஸ் டூ, காமர்ஸ் குரூப், 1200க்கு 874. கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அந்த மே மாதம் படகில் விழுந்து அப்பாவுக்கு இடுப்பு அடிபட்டது. கீழே ஒரு தங்கை, ஒரு தம்பி. ஜூனில் நான் கம்பெனிக்குப் போய்விட்டேன். 14 வருடம் ஆகிவிட்டது.

போன மாதம் எங்கள் கம்பெனியில் கணக்கு அதிகாரி இடம் காலியானது. அந்த வேலையில் பாதியை நான்தான் பல வருடமாகச் செய்து வருகிறேன். ஆனால் பி.காம். முடித்த 23 வயதுத் தம்பி ஒருவரை எடுத்தார்கள். அவருக்குச் சரக்கு வரவை எப்படிப் பதிவது என்று சொல்லிக்கொடுப்பது நான். அந்தத் தம்பி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நல்ல பிள்ளை. ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகெல்லாம் கரையில் கிடப்பதால் ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். தடை முடிந்துவிட்டால் படகு திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மறுநாள் சரக்கு வரும். அப்படியென்றால் செவ்வாய், வியாழன், ஞாயிறு மூன்று நாளும் எடை, கிரேடு, ஐஸ் கணக்கு எல்லாம் பதிந்து முடிக்க ராத்திரி பதினொன்று ஆகும். கரஸ் வகுப்பெல்லாம் சனி, ஞாயிறு என்கிறார்கள். எனக்கு ஞாயிறே கிடையாது.

டவுனில் ஒரு சென்டரில் விசாரித்தேன். மூன்று வருடத்துக்கு மொத்தம் 28,000 கட்டினால் போதும், தேர்வை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். நம்பலாமா? எந்தப் பல்கலைக்கழகம் நல்லது? இந்த வயதில் இது பிரயோஜனப்படுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கீழக்கரை காக்கா | ஜூன் 1, இரவு 10:25

தம்பி, தேர்வை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னார்களா? அந்த வாசலை மறுபடி மிதிக்காதீர்கள்.

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். துபாயில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். சூப்பர்வைசர் இடத்துக்குப் பட்டம் வேண்டும் என்றார்கள். லீவில் ஊருக்கு வந்தபோது ஒரு சென்டரில் 45,000 கட்டினேன். ஒரு பரீட்சையும் எழுதவில்லை. எட்டு மாதத்தில் வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரில் சர்டிபிகேட் வந்தது. வளைகுடாவில் அதைக் காட்ட வேண்டும் என்றால் முதலில் மாநிலக் கல்வித்துறை, அப்புறம் வெளியுறவு அமைச்சகம், கடைசியில் அந்த நாட்டுத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்க வேண்டும். முதல் படியிலேயே நின்றுவிட்டது. அந்தப் பதிவெண்ணில் மாணவரே இல்லை என்று பதில் வந்தது. பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். முதலாளி முன்னால் நின்று, இது பொய்ச் சான்றிதழ் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னேனே, அது இன்னும் நெஞ்சில் இருக்கிறது.

பிறகு ஊரோடு வந்து முறையாகச் சேர்ந்து, 5 வருடத்தில் பி.காம். முடித்தேன். அல்ஹம்துலில்லாஹ், இப்போது என் கடைக் கணக்கை நானே பார்க்கிறேன்.


ஓய்வு ஆசிரியர் | ஜூன் 2, காலை 6:10

மண்டபம் தம்பிக்கு, நான் வணிகவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பல வருடம் வார இறுதிகளில் தொலைநிலை மாணவர்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பல்கலைக்கழகம் எது என்பதற்கு முன்னால் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவில் தொலைநிலைக் கல்விக்கென்று ஒரு பிரிவு உண்டு, டெப் என்பார்கள். எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் பாடத்தைத் தொலைநிலையில் நடத்தலாம் என்ற பட்டியல் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் பாடமும் சேரும் பருவமும் அதில் இருக்க வேண்டும். பி.ஏ.வுக்கு அனுமதி இருந்து பி.காம்.க்கு இல்லாமல் போகலாம்.

அந்த 28,000 ரூபாய் சென்டர் விஷயம். 2020ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, பல்கலைக்கழகம் தன் பாடத்தை வெளியாளுக்குக் குத்தகை விடுவது போல நடத்தக் கூடாது. ஆகவே கடைத்தெருவில் மாடியில் பலகை மாட்டியிருப்பவர்கள் சேர்க்கை போடுவதற்கே உரிமை இல்லை. கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் நேராகக் கட்டுங்கள், ரசீதை எடுத்து வையுங்கள். 2024 முதல் சேர்க்கைக்கு டெப் ஐடி என்று ஓர் எண் வேண்டும். அதற்கு முன்னால் ஏபிசி ஐடி, அதாவது மாணவரின் கிரெடிட்டைச் சேர்த்து வைக்கும் கணக்கு எண், எடுக்க வேண்டும், அதை டிஜிலாக்கரில் எடுக்கலாம். இரண்டுக்கும் காசு கிடையாது. யாராவது இதற்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மதிப்பு உண்டா என்று கேட்டீர்கள். அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் தொலைநிலையில் தரும் பட்டம், நேரடியாகக் கல்லூரி போய் வாங்கும் பட்டத்துக்குச் சமம் என்று மானியக் குழு 2022 செப்டம்பரில் மறுபடியும் தெளிவாக அறிவித்தது. ஆனால் எல்லாப் படிப்பும் தொலைநிலையில் கிடையாது. பொறியியல், மருத்துவம், நர்சிங், மருந்தியல், சட்டம், விவசாயம் இதெல்லாம் தபாலில் தருகிறோம் என்று யார் சொன்னாலும் பொய். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில அனுமதி இல்லாமல் கொடுத்த தொலைநிலைப் பொறியியல் பட்டங்களைப் பற்றி 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது எத்தனை பேர் வாழ்க்கை ஆடிப்போனது என்று நினைத்துப் பாருங்கள்.

அரசு வேலை எண்ணம் இருந்தால் இன்னொன்று. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அதற்குப் பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராகப் பட்டம் வாங்கினால் அரசு வேலைக்கு அது செல்லாது. உங்களுக்கு வரிசை சரியாக இருக்கிறது, ஆகவே கவலை இல்லை. டிஎன்பிஎஸ்சி குரூப் 4க்குப் பத்தாம் வகுப்பே போதும், குரூப் 2 எழுதத்தான் பட்டம் வேண்டும்.

நம் பக்கத்தில் இருந்து சேர்கிறவர்கள் பெரும்பாலும் மூன்று இடம் பார்ப்பார்கள். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் பக்கத்தில் இருக்கிறது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் தொடங்கியது, தமிழ் வழியில் படிக்கலாம். இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, 1985இல் வந்தது. நமக்கு மண்டல மையம் மதுரை. இக்னோவின் பாடப் புத்தகமெல்லாம் இ-ஞான்கோஷ் தளத்தில் இலவசமாகக் கிடக்கிறது. எங்கே சேர்ந்தாலும் அதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்குதான் முக்கியம். அதைச் சாயங்காலம் எழுதுகிறேன்.


விசைப்படகு 57 | ஜூன் 2, காலை 11:15

ஐயா சொல்வதெல்லாம் சரி. ஆனால் நான் வேறு மாதிரி யோசிக்கிறேன். மண்டபம் தம்பிக்கு வேண்டியது சம்பள உயர்வு. அதற்கு மூன்று வருடம், ஐந்து வருடம் என்று காத்திருப்பானேன்? டேலி என்கிற கணக்கு சாப்ட்வேரும் ஜிஎஸ்டியும் ஆறு மாதத்தில் படித்துவிட்டால் எந்தக் கம்பெனியும் எடுத்துக்கொள்ளும். என் படகுக் கணக்கைப் பார்க்கிற பையன் பிளஸ் டூதான். பட்டம் இல்லை. டீசல், ஐஸ், பங்கு எல்லாம் பைசா பிசகாமல் வைத்திருக்கிறான்.

வீட்டில் பிள்ளைகள் முகம் பார்க்கிற நேரத்தைப் புத்தகத்துக்குக் கொடுப்பது சின்ன விஷயம் இல்லை. என் மச்சினன் சேர்ந்தான், முதல் வருடப் புத்தகம் கட்டுப் பிரிக்காமலே கிடக்கிறது. தம்பியைத் தடுக்கச் சொல்லவில்லை. யோசித்து இறங்கட்டும் என்கிறேன்.


பாம்பன் அக்கா | ஜூன் 2, மாலை 4:50

விசைப்படகு அண்ணே, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டேலி படிக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் அந்தத் தம்பிக்கு வேலை தெரியாமல் இடம் போகவில்லை. வேலை தெரிந்தும் போனது. காகிதம் கேட்கிற இடத்தில் காகிதத்தைத்தான் வைக்க முடியும்.

நான் பத்தாவதோடு நின்றவள். அம்மா கடல்பாசி எடுக்கப் போவார், நானும் கூடப் போவேன். கல்யாணம், இரண்டு பிள்ளைகள். அப்புறம் மகளிர் குழுவில் கணக்கு எழுத ஆரம்பித்தேன். வங்கிக்குப் போனால், கூட்டமைப்புக்குப் போனால் எல்லா இடத்திலும் என்ன படிப்பு என்று கேட்பார்கள். முதலில் தனித்தேர்வராக பிளஸ் ஒன், பிளஸ் டூ எழுதினேன். ஒருவர் பிளஸ் டூ இல்லாமலே நேராக டிகிரி போடலாம் என்றார். நல்லவேளை, என் பெரியம்மா மகன் தடுத்தார். ஐயா சொன்ன வரிசை விஷயம்தான் காரணம். 2022இல் பி.ஏ. தமிழ் சேர்ந்தேன், திறந்தநிலையில், தமிழ் வழி.

2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள் இல்லையா, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை ரயில் மண்டபத்தோடு நின்றது. என் படிப்பு முழுக்க அந்தக் காலத்தில்தான். இராமநாதபுரம் வகுப்புக்கு பஸ்தான். காலையில் பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கி வைத்துவிட்டு ஆறரை பஸ் பிடிப்பேன். ரோட்டுப் பாலத்தில் பஸ் ஏறும்போது புத்தகத்தை மூடிவிடுவேன், அங்கே காற்றில் பக்கம் நிற்காது. மற்ற வழியெல்லாம் படிப்புதான். தொல்காப்பியம் எழுத்ததிகாரம் முக்கால்வாசி அந்த பஸ்ஸில்தான் படித்தேன்.

2024 நவம்பர் 20 யாருக்கும் மறக்காது. மேகவெடிப்பு மழையில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். புத்தகம் வைத்திருந்த டிரங்குப் பெட்டி மூழ்கிவிட்டது. தேர்வுக்குச் சில வாரம்தான் இருந்தது. வலை காயப்போடுகிற கயிற்றில் புத்தகத்தைத் தொங்கவிட்டேன், வாடைக் காலத்தில் எது காயும்? ஒட்டிப்போன பக்கத்தைப் பிரித்தால் எழுத்து அடுத்த பக்கத்தில் வந்தது. கூடப் படித்த ஒரு தங்கச்சி உச்சிப்புளியில் இருந்தார். தன் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பினார், 240 பக்கம். இதை எழுதும்போதே கண் கலங்குகிறது. அந்தப் பாடத்தில் 61 வாங்கினேன்.

தம்பி, ஒன்று சொல்கிறேன். நமக்குக் கடல்தான் காலண்டர். தடைக்காலம் 61 நாளை அசைன்மெண்டுக்கு வையுங்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் படகு போகாது, கம்பெனியில் சரக்கு இருக்காது. அன்றைக்கு டிவி முன்னால் உட்காராமல் புத்தகத்தை எடுங்கள். நான் மூன்று வருடமும் அப்படித்தான் ஓட்டினேன்.


ஓய்வு ஆசிரியர் | ஜூன் 2, மாலை 6:30

அம்மா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தொல்காப்பியம் பஸ்ஸில் படித்தவர் நீங்கள். என் வகுப்பில் நீங்கள் இல்லாமல் போனதற்கு வருத்தப்படுகிறேன்.

இப்போது நேரக் கணக்கு. இக்னோவில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. நான் பார்த்த மூன்றாண்டு பி.ஏ. பட்டத்துக்கு 132 கிரெடிட். பெருக்கினால் 3,960 மணி நேரம். மூன்று வருடத்தில் முடிப்பதென்றால் ஒரு நாள் விடாமல் தினம் மூன்றரை மணி நேரத்துக்கும் மேல். பதினொரு மணி வரை சரக்குக் கணக்கு எழுதுகிறவருக்கு இது நடக்காது. ஆனால் அதே பட்டத்தை முடிக்க 6 வருடம் வரை அனுமதி உண்டு. அப்போது தினம் 1 மணி 50 நிமிடத்துக்குள் வந்துவிடும்.

இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்வது. முதல் வருடமே எல்லாப் பாடத்துக்கும் தேர்வுக் கட்டணம் கட்டாதீர்கள். பாதிப் பாடம் எழுதுங்கள், தேறுங்கள். வகுப்பில் நான் பார்த்த வரைக்கும் பாதியில் விட்டவர்களில் பலர் படிப்பு வராமல் விடவில்லை. மூன்று வருடத்தில் முடித்தே ஆக வேண்டும் என்று ஒரே மூச்சில் எல்லாத் தேர்வையும் எழுதி, நாலைந்து அரியர் விழுந்து, அந்த மார்க்‌ஷீட்டைப் பார்க்கவே பிடிக்காமல் போனவர்கள். விசைப்படகு ஐயாவின் மச்சினரும் அப்படி இருக்கலாம். கட்டுப் பிரிக்காத புத்தகத்தை இன்றைக்குக்கூடப் பிரிக்கலாம் என்று அவரிடம் சொல்லுங்கள், அவருக்குரிய காலம் முடிந்துவிட்டதா என்று மட்டும் முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

மதிப்பெண்ணில் 30 சதவீதம் அசைன்மெண்ட், 70 சதவீதம் எழுத்துத் தேர்வு. பலர் அசைன்மெண்டைக் கடைசி நாளில் இன்னொருவரைப் பார்த்துக் காப்பி அடிப்பார்கள். அது உங்கள் கையில் நிச்சயமாக இருக்கிற 30. அதோடு, அதை ஒழுங்காக எழுதினால் பாடத்தில் பாதி படித்த மாதிரி.

ஒன்று மறக்க வேண்டாம். இக்னோவில் ஒவ்வொரு வருடமும் மறுபதிவு செய்ய வேண்டும். தேர்வு எழுதாமல் விட்ட வருடத்திலும் மறுபதிவை விட்டுவிடாதீர்கள்.


மண்டபம்காரன் | ஜூன் 2, இரவு 8:55

எல்லோருக்கும் நன்றி. காக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் அந்த சென்டர் நம்பரை அழித்துவிட்டேன். அக்கா, உங்கள் பதிவை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். நீங்க சேருங்க, ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை நான் பார்த்துக்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

விசைப்படகு அண்ணே, டேலி எனக்குத் தெரியும், கம்பெனியில் அதில்தான் வேலை. ஜிஎஸ்டி கொஞ்சம் தெரியும். அதனால்தான் இது வேண்டும் என்று தோன்றுகிறது.

ஐயா, பி.காம்.ஆ, பி.ஏ.வா? பி.ஏ. சுலபம் என்கிறார்கள். இங்கிலீஷில் எனக்குத் தடுமாற்றம் உண்டு.


ஓய்வு ஆசிரியர் | ஜூன் 3, காலை 5:50

உங்களுக்கு பி.காம்.தான். சுலபம் எது என்பதை உங்கள் கை என்ன செய்து பழகியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இருப்பு மதிப்பீடு என்று ஒரு பாடம் வரும், முதலில் வந்தது முதலில் போகும் முறை என்று படிப்பீர்கள். ஐஸ் பெட்டியில் நேற்று வந்த நண்டை முதலில் ஏற்றி அனுப்புகிறீர்களே, அதுதான் அது. தேய்மானம் என்றால் குளிர்பதன அறையின் கம்ப்ரசர். 23 வயதில் இதைப் படிப்பவர் கற்பனை செய்ய வேண்டியதை நீங்கள் 14 வருடமாகத் தொட்டுக்கொண்டு இருக்கிறீர்கள்.

மொழி: தமிழ் வழியில் சேருங்கள். ஆனால் கணக்கியல் சொற்களை இரண்டு மொழியிலும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். நேர்முகத்தில் இங்கிலீஷ் பெயரைத்தான் கேட்பார்கள்.


தொண்டி வடக்கு | ஜூன் 3, மதியம் 1:20

அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன், நானும் கரஸ்தான். வேலையில் இருப்பவர்கள் சேரும் முன்பே அலுவலகத்தில் எழுத்தில் தெரிவித்து, அதன் நகலை வைத்திருங்கள். நான் தாமதமாகக் கொடுத்ததால் பட்டத்தைப் பணிப்பதிவேட்டில் ஏற்றவே ஒரு வருடம் அலைந்தேன். பட்டம் வாங்கியதும் உண்மைத்தன்மைச் சான்றுக்கும் உடனே எழுதிவிடுங்கள், பதில் வர மாதக்கணக்கில் ஆகும். ஹால் டிக்கெட், கட்டண ரசீது ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.


விசைப்படகு 57 | ஜூன் 3, இரவு 9:05

ஐயா, ஒரு விஷயம் கேட்கிறேன். என் படகில் வருகிற ஒரு பையன், 19 வயது, ஒன்பதாவதோடு நின்றவன். நல்ல மூளை. ஜிபிஎஸ்ஸை அவன்தான் எனக்கே சொல்லிக் கொடுத்தான். அவனுக்கு இதில் வழி உண்டா?


ஓய்வு ஆசிரியர் | ஜூன் 4, காலை 6:00

உண்டு. பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். இல்லையென்றால் தேசிய திறந்தநிலைப் பள்ளி, என்ஐஓஎஸ் என்பார்கள், 1989இல் இருந்து இருக்கிறது. அதில் பத்தாவதும் பன்னிரண்டாவதும் முடிக்கலாம். எல்லாப் பாடத்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு பாடமாகத் தேறிக்கொண்டே வரலாம், கடலுக்குப் போகிறவனுக்கு அது ஏற்றது. தடைக்காலம் முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது. பையனை ஒரு நாள் இராமநாதபுரத்துக்கு அனுப்புங்கள், நானே கூட்டிப் போய்ப் பதிய வைக்கிறேன். எங்கே வர வேண்டும் என்று தனிச் செய்தியில் எழுதுகிறேன்.


மண்டபம்காரன் | டிசம்பர் 14, இரவு 11:50

ஆறு மாதம் கழித்து எழுதுகிறேன். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம்., தமிழ் வழி சேர்ந்துவிட்டேன். டெப் ஐடி எடுக்கும்போது ஒரு சிக்கல் வந்தது. ஆதாரில் இனிஷியல் முன்னால், பிளஸ் டூ மார்க்‌ஷீட்டில் பின்னால். ஆதாரைத் திருத்திவிட்டுத்தான் போட முடிந்தது, மூன்று வாரம் போனது. சேரப் போகிறவர்கள் இதை முதலிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஐயா சொன்னபடி திங்கள், புதன், வெள்ளி ராத்திரி இரண்டு இரண்டு மணி நேரம், சனி பகல் முழுவதும். சரக்கு வரும் நாளில் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. ஞாயிறு வகுப்புக்குப் போக முடியவில்லை, கூடப் படிக்கிற பரமக்குடித் தம்பி ஒருவர் நோட்ஸ் அனுப்புகிறார். அவருக்குக் கணக்கியலில் சந்தேகம் வந்தால் நான் போனில் சொல்லிக்கொடுக்கிறேன். கம்பெனியில் அந்த 23 வயதுத் தம்பியும் தன் பழைய புத்தகங்களை எடுத்து வந்து கொடுத்தார்.

இரண்டு நாளாக மழை, படகு போகவில்லை. அக்கா சொன்னது ஞாபகம் வந்து, கணக்கியல் அசைன்மெண்ட் மூன்றையும் எழுதி முடித்துவிட்டேன். வணிகச் சட்டம்தான் ஓடவில்லை. ஒப்பந்தச் சட்டத்தை எளிமையான தமிழில் எழுதிய நோட்ஸ் யாரிடமாவது இருந்தால் கொடுங்கள். சனிக்கிழமை மண்டபம், உச்சிப்புளி, பாம்பன் எங்கே என்றாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.


பாம்பன் அக்கா | டிசம்பர் 15, காலை 5:35

தம்பி, என்னிடம் இல்லை. உச்சிப்புளித் தங்கச்சியின் அண்ணன் பி.காம். முடித்தவர், அவரிடம் இருக்கும். கேட்டுவிட்டேன், சனிக்கிழமை பத்து மணிக்கு உச்சிப்புளி பஸ் ஸ்டாண்டில் இருப்பாராம். குடை எடுத்துக்கொண்டு போங்கள், புத்தகத்துக்கு ஒரு பாலித்தீன் பையும்.